பழைய வேட்டைத் துப்பாக்கியின் பிறப்பிடத்தையும் அது கைமாறி வந்த வழியையும் கண்டறிவது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

தோவாளை, கல்குளம் வட்டங்களின் மலையடிவார ஊர்களிலும் நாஞ்சில் நாட்டின் பழைய வீடுகள் சிலவற்றிலும், பாட்டாவின் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று உரிமத்துடன் இன்றும் இருந்துவருகிறது. அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும், யார் யார் கைவழியாக இந்த வீட்டுக்கு வந்தது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். குழலின் மேல் வெட்டப்பட்டிருக்கும் பெயரைப் பழைய உடைமையாளரின் பெயரென்று எண்ணுவதும், உரிமப் புத்தகத்தின் முதல் தேதியைத் துப்பாக்கியின் பிறந்த தேதியென்று எண்ணுவதும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் நேர்வன. பிறப்பிடத்துக்கான சான்று பெரும்பாலும் இரும்பிலேயே கிடைத்துவிடும். உடைமைக்கான சான்றைக் காகிதத்தில்தான் தேட வேண்டும். அந்தக் காகிதத்தில் பாதி, 1956 நவம்பர் 1 வரை நாம் வேறொரு அரசின் கீழ் இருந்த காரணத்தால், நாகர்கோவிலில் இல்லாமல் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு முன் உரிமம்

துப்பாக்கி பழையதாகிவிட்டால் சட்டம் அதைத் தொடாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வலுவாக இருக்கிறது, அது தவறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, வழக்கொழிந்த வகையாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ பழுதுபட்டதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படுத்தவே முடியாத ஆயுதத்துக்கு மட்டும் உரியது. ஊசி தேய்ந்ததால் வெடிக்காமல் கிடக்கும் நூறு வயதுத் துப்பாக்கி இந்த விலக்குக்குள் வராது, ஏனெனில் ஒரு பட்டறைக்காரர் ஒரே பொழுதில் அதைச் சரிசெய்துவிட முடியும். விலக்கு பொருந்துமா என்பதை உடைமையாளர் தாமாக முடிவு செய்துகொள்ளாமல், உரிமம் வழங்கும் அதிகாரியான மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பானது.

உரிமம் பெற்றிருந்தவர் இறந்துபோன வீடுகளில்தான் சிக்கல் அதிகம். அவருடைய உரிமம் வாரிசுக்குத் தானாக வந்து சேராது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென்று உள்ள 25-ஆம் விதியின் கீழ், வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் சேர்த்து உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமக்காரர் உயிருடன் இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசின் பெயருக்கு மாற்ற அதே விதி இடம் தருகிறது. இந்த வாய்ப்பு இருப்பது தெரிந்தும் தள்ளிப்போட்டுவிட்டுப் பின்னால் காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலையும் குடும்பங்கள் பல. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, பரம்பரைச் சொத்தாக வந்தவற்றையும் சேர்த்து, ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். சரணாலய எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமக்காரர்கள் தங்கள் பெயரை வனத்துறையில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு நம் மலையோர ஊர்கள் பலவற்றுக்கு இது பொருந்தும்.

இரும்பைப் படித்தல்

உரிமக்காரரின் வீட்டில், அவர் முன்னிலையிலேயே துப்பாக்கியைப் பாருங்கள். நாலு பேரிடம் காட்டுவதற்காக ஊரெங்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். குழலை மடக்கித் திறக்கும் வகையாக இருந்தால் திறந்து இரண்டு குழல்களும் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். குழலின் வாய்வழியாக வெடிமருந்தை இட்டு இடித்துக் கிட்டிக்கும் வகையில் அப்படிப் பார்க்க முடியாது. மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் அது போகும் வரை மெதுவாக விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, குழலின் பின்முனையில் தீப்பொறி தரும் கேப்பைப் பொருத்தும் முலைப்பகுதிக்கு அருகே வராமல் நாலைந்து விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால், உள்ளே பழைய மருந்தும் ரவையும் இருக்கக்கூடும். அப்போது துப்பாக்கியின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துவிட்டு, உரிமம் பெற்ற ஆயுத வணிகரையோ காவல் நிலையத்தையோ அணுகுங்கள். அதை நாமாகத் தோண்டி எடுக்க முயலக்கூடாது. கரிமருந்து எத்தனை ஆண்டு கிடந்தாலும் ஈரம் படாதவரை வெடிக்கும்.

அடுத்ததாக ஓர் எச்சரிக்கை. எழுத்துகள் தெளிவாகத் தெரியட்டும் என்று உப்புத்தாள், செங்கல் தூள், அமிலம் ஆகியவற்றால் தேய்ப்பதைப் போன்ற நாசம் வேறில்லை. முத்திரைகள் அழிந்தால் வரலாறு போவது ஒருபுறம் இருக்க, அடையாளக் குறிகள் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரே அழித்ததாகக் கருத ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இடம் தருகிறது. மெல்லிய துணியில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். தேய்ந்த எழுத்துகளைப் படிக்க, அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாகப் பாய்ச்சுங்கள். நேராக விளக்கடித்தால் வெறும் இரும்பாகத் தெரிந்த இடத்தில், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். ஒளியை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமின்றி நான்கு பக்கங்களிலிருந்தும் மாற்றி மாற்றிப் பாய்ச்சிக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் குழல் துப்பாக்கியில் முதலில் பார்க்கத் தோன்றுவது இரு குழல்களையும் இணைக்கும் மேல்பட்டையில் உள்ள பெயர்தான். ஆனால் அதை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அங்கே இருப்பது பல வேளைகளில் விற்ற கடையின் பெயர். சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ், கல்கத்தாவின் ரோடா, மாண்டன் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டில் செய்த துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் பொறித்து விற்றன. அவற்றில் பெரும்பகுதி பர்மிங்ஹாமின் பெயரற்ற பட்டறைகளில் உருவானவை. புகழ்பெற்ற ஆங்கிலப் பெயரோடு நெருங்கி ஒலிக்கும் பெயரைப் பொறித்து மலிவாக அனுப்பும் வழக்கம் பெல்ஜியத்து வணிகர்களிடம் இருந்தது: ‘வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்’ என்று எதிர்பார்க்கும் இடத்தில் வெறும் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று இருந்தால் ஐயம் கொள்வது நல்லது.

மெய்யான சான்று குழலின் அடியில் இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றி, நெம்புகோலைத் திருகிக் குழல்களைப் பிரித்தெடுத்தால், மருந்தறைக்குக் கீழே தட்டையாகச் சீவப்பட்ட பகுதியில் சின்னஞ்சிறு முத்திரைகள் வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். இவை அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலையில், இயல்பைவிட மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்துக் குழல் தாங்கியதும் அடிக்கப்பட்டவை. இங்கிலாந்தில் இத்தகைய சோதனைச்சாலைகள் இரண்டு. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. கிரீடத்தின் கீழ் ஜி, பி என்ற எழுத்துகள் பின்னிக் கிடந்தால் அது லண்டன். கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரு செங்கோல்களும் அவற்றின் இடைவெளிகளில் எழுத்துகளும் இருந்தால் அது 1904-க்கு முந்தைய பர்மிங்ஹாம். 1904-க்குப் பின் அங்கே கிரீடத்தின் கீழ் ‘பி.பி.’, ‘பி.வி.’ என்ற எழுத்துகளை அடித்தார்கள். நீள்வட்டத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்ற எழுத்துகள் இருந்தால், மேல்பட்டையில் என்ன ஆங்கிலப் பெயர் இருந்தாலும், துப்பாக்கி பெல்ஜியத்தின் லீஜ் நகரில் சோதிக்கப்பட்டது. அந்த நீள்வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது.

ஆண்டைக் குறுக்கிக்கொண்டு வர வேறு சில குறிகள் கைகொடுக்கும். ‘நாட் ஃபார் பால்’ என்ற ஆங்கிலச் சொற்றொடர், வாய் குறுகிய குழலில் ஒற்றைக் குண்டு போடக்கூடாது என்பதற்காக 1875 முதல் 1887 வரை மட்டும் அடிக்கப்பட்டது. 1887 முதல் அதற்குப் பதிலாக ‘சோக்’ என்ற சொல் வந்தது. மருந்தறையின் அளவைக் காட்டும் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்தும் சாய்சதுரத்துக்குள் அடைபட்டதும் அதே ஆண்டின் விதிகளால்தான். புகையில்லா மருந்துக்கான தனிச் சோதனை 1896-இல் தொடங்கியது. குறுக்குச் செங்கோல், சாய்சதுரம், ‘சோக்’ ஆகிய மூன்றும் ஒரு குழலில் இருந்து, புகையில்லா மருந்துக்கான குறி எதுவும் இல்லாவிட்டால், அது 1887-க்கும் 1904-க்கும் இடையே பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்டது என்று துணிந்து எழுதலாம். அத்தகைய குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடாது என்பதையும் அதே குறிகள் சொல்லிவிடுகின்றன. அழுத்தம் வேறு, பல வேளைகளில் மருந்தறையின் நீளமும் வேறு. குழல் பழுது பார்க்கப்பட்டு மறுபடி சோதிக்கப்பட்டிருந்தால் இரண்டு காலத்து முத்திரைகள் அருகருகே நிற்கும். பிறந்த ஆண்டுக்கு அவற்றில் மூத்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கியின் அமைப்பைக் கொண்டு வயது சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெளிக்குதிரை (வெளியே தெரியும் அடிசுத்தி) இல்லாத, பெட்டி போன்ற அமைப்புக்குள் விசை அடங்கிய வகைக்கு ஆன்சன், டீலி ஆகிய இருவர் 1875-இல் காப்புரிமை பெற்றார்கள்; ஆகவே அந்த அமைப்புள்ள துப்பாக்கி 1875-க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் வெளிக்குதிரை உள்ள துப்பாக்கி அதற்கு முந்தையது என்று இதனால் ஆகிவிடாது, ஏனெனில் மலிவு கருதி அந்த வகையை இருபதாம் நூற்றாண்டிலும் செய்துவந்தார்கள். குழலின் மேல் நீரோட்டம் போலத் தெரியும் டமாஸ்கஸ் வரிகளுக்கும் இதே விதி. அவை அழகுக்கு அத்தாட்சியாகலாம், ஆண்டுக்கு ஆகா. பீகாரின் முங்கேரில் உரிமம் பெற்ற பட்டறைகள் செய்த ஒற்றைக் குழல் துப்பாக்கிகளும், உள்ளூர்க் கொல்லர் அடித்த நாட்டுத் துப்பாக்கிகளும் நம் பக்கத்தில் ஏராளமாகப் புழங்கின. ஆங்கில முத்திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் வெட்டியிருந்தால் எழுத்துகள் ஒரே ஆழத்தில் இரா. சில வேளைகளில் ஓரெழுத்து தலைகீழாகவே கிடக்கும்.

தொடர் எண்ணைக் குழலின் அடியிலும், விசைக்காப்பின் வாலிலும், முன்கட்டையின் இரும்பிலும் தேடுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் துப்பாக்கி முழுமையாகப் பிறந்தபடியே இருக்கிறது. வேறுபட்டால் குழலோ கட்டையோ பின்னாளில் மாற்றப்பட்டிருக்கிறது. உரிமப் புத்தகத்தில் இவற்றுள் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்பதை அப்போது மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய பேரேடுகளை வைத்திருக்கின்றன. தொடர் எண்ணையும் படங்களையும் அனுப்பினால், கட்டணம் பெற்றுக்கொண்டு, துப்பாக்கி முடிந்த ஆண்டையும் முதலில் வாங்கியவரின் பெயரையும் எழுதித் தருவார்கள். இந்தியாவுக்கு வந்தவற்றில் அந்த முதல் பெயர் பெரும்பாலும் ஒரு கடையாகவே இருக்கும் என்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நிறுவனத்தின் முகவரியும் ஒரு சான்றுதான்: பர்டியின் பெயரோடு ஆக்ஸ்ஃபோர்டு தெரு முகவரி இருந்தால், அந்நிறுவனம் 1880-களின் தொடக்கத்தில் சவுத் ஆட்லி தெருவுக்கு மாறுவதற்கு முன் செய்தது அது.

காகிதத்தைப் படித்தல்

வீட்டிலுள்ள உரிமப் புத்தகத்திலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். ஆயுத விவரம் எழுதும் இடத்தில் ‘டி.பி.பி.எல்.’ என்றிருந்தால் பின்புறம் தோட்டா இடும் இரட்டைக் குழல்; ‘எஸ்.பி.எம்.எல்.’ என்றிருந்தால் வாய்வழி மருந்து கிட்டிக்கும் ஒற்றைக் குழல். இந்தச் சுருக்கம் கையிலுள்ள துப்பாக்கியோடு பொருந்தாவிட்டால், இடையில் ஒன்றை விற்று மற்றொன்றை வாங்கியிருக்கிறார்கள். அந்த மாற்றத்துக்கான அனுமதியும் அதே புத்தகத்தில் ஒரு முத்திரையாக இருக்க வேண்டும். புதுப்பித்த முத்திரைகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், தோட்டா வாங்கிய பக்கங்களையும் படியுங்கள். விற்ற வணிகர் தேதியும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். அந்தக் கடை நாகர்கோவிலா, திருநெல்வேலியா, திருவனந்தபுரமா என்பதிலிருந்து துப்பாக்கி எந்தத் திசையில் புழங்கியது என்று தெரியவரும். தேர்தல்தோறும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் அல்லவா, அந்த ரசீதுகளைப் பழைய பெட்டிகளில் தேடிப் பாருங்கள். உரிமப் புத்தகம் தொலைந்துபோன குடும்பங்களில், இன்ன ஆண்டில் இன்ன எண்ணுள்ள துப்பாக்கி இன்னார் பெயரில் இருந்தது என்பதற்கு அந்தத் துண்டுக் காகிதமே சாட்சியாக மிஞ்சியிருக்கும்.

வீட்டில் எதுவும் கிடைக்காவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பதிவேட்டை நாட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். ‘எங்கள் துப்பாக்கியின் வரலாறு வேண்டும்’ என்று கேட்டால் பதில் வராது. உரிம எண், உரிமக்காரரின் பெயர், கிராமம், உத்தேச ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, அந்தப் பதிவின் நகலை மட்டும் கேட்க வேண்டும். பிறருடைய உரிமம் பற்றிய விவரமாக இருந்தால் அவருடைய கருத்தைக் கேட்ட பிறகே தருவார்கள். இறந்த தந்தையின் பதிவென்றால் வாரிசுச் சான்றிதழின் நகலை இணைத்துவிடுவது தாமதத்தைக் குறைக்கும்.

1956-க்கு முந்தைய தடத்துக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகமே வழி. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணத்துப் பதிவுகள் எவ்வளவு இருந்தாலும், தோவாளை முதல் விளவங்கோடு வரையிலான நான்கு வட்டங்களும் அப்போது அந்த மாகாணத்தில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வீண் பயணம் ஒன்று மிச்சமாகும். திருவிதாங்கூர் நிர்வாகத்தில் நம் பகுதி பத்மநாபபுரம் டிவிஷனாக திவான் பேஷ்கார் என்ற உயர் அதிகாரி ஒருவரின் கீழ் இருந்த காலம் உண்டு. இரணியல் தனித் தாலுகாவாக இருந்த காலமும் உண்டு. ஆகவே இன்று கல்குளம் வட்டத்தில் இருக்கும் ஊரை இரணியல் தாலுகாவின் கீழும் தேட வேண்டும். பழைய உரிமச் சீட்டில் ‘இரணியல் தாலுகா’ என்று எழுதியிருப்பதே அதன் வயதுக்கு ஒரு சான்று.

அந்தக் காகிதங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் முடியும் வரையுள்ள தேதிக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆகஸ்டு நடு வரையுள்ள தேதிக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். 1112 ஐப்பசி 27 என்று ஒரு சீட்டில் இருந்தால் அது 1936 நவம்பர். அதே 1112-இல் பங்குனி என்று இருந்தால் 1937. இந்த ஒரு கூட்டலில் பிசகியவர்கள், துப்பாக்கி வாங்கியவர் அதை வாங்குவதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டதாகக் கணக்குப் போட்டுவிட்டுத் திகைத்து நிற்பதுண்டு. கோப்புகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருப்பதால், மலையாளக் கையெழுத்தைப் படிக்கப் பழகிய பழைய ஆதார எழுத்தர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. நம் சார்பதிவாளர் அலுவலகங்களைச் சுற்றி அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பத்திரங்களிலும் தேடலாம். பாகப்பிரிவினைப் பத்திரங்களில் நிலத்தை எழுதிய பிறகு, ஜங்கமச் சொத்துகளின் பட்டியலில் வெண்கலப் பாத்திரங்களுக்கும் கட்டில்களுக்கும் நடுவே ‘தோக்கு (துப்பாக்கி) ஒன்று’ என்று ஒரு வரி இருந்துவிடக்கூடும். இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வளைவு உண்டு. திருவிதாங்கூர் அரசு 1920-களில் சட்டம் கொண்டுவரும் வரை, நாயர் குடும்பங்களிலும் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களிலும் சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும் மருமக்கள்வழியே முறையாக இருந்தது. பாட்டாவுக்கு அந்தத் துப்பாக்கி அவருடைய அப்பாவிடமிருந்து வந்திருக்கும் என்று எண்ணித் தந்தைவழியில் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. அது தாய்மாமனிடமிருந்து வந்திருக்கும், பத்திரமும் தாய்வழித் தறவாட்டின் (கூட்டுக் குடும்பத்தின்) பெயரில், வேறொரு கிராமத்தின் பதிவில் கிடக்கும்.

எஞ்சுவது குடும்பக் கதை. வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனார் என்பதும், கொட்டாரத்திலிருந்து மகாராஜா பரிசளித்தார் என்பதும் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் இரண்டு கதைகள். முதலாவது நடக்கக்கூடாத ஒன்றன்று. அசம்பு மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டம் போட்ட ஐரோப்பியர்கள் இருந்தார்கள்; பின்னர் தேயிலை, ரப்பர் எஸ்டேட்டுகள் வந்தன. ஆனால் அதை நிறுவப் பின்கட்டையின் அடியில் பதித்திருக்கும் சிறு நீள்வட்டத் தகட்டைப் பார்க்க வேண்டும்: முதல் உடைமையாளரின் பெயரெழுத்துகளை அதில்தான் பொறிப்பார்கள். தகடு சுற்றுமரத்தைவிடச் சற்றுக் குழிந்து மெலிந்திருந்தால், பழைய எழுத்துகளைச் சுரண்டிவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். எழுத்துகள் கிடைத்தால், அவற்றைத் திருவிதாங்கூர் அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட அல்மனாக் என்ற ஆண்டேட்டின் பெயர்ப் பட்டியலோடும் எஸ்டேட்டுகளின் பழைய பதிவுகளோடும் ஒப்பிடலாம். மகாராஜா கதைக்கு என் அளவுகோல் இன்னும் கடுமையானது. சங்கு முத்திரையோ பரிசைக் குறிக்கும் வாசகமோ துப்பாக்கியிலும் இல்லை, அரண்மனைக் கோப்பிலும் இல்லை என்றால், அதைக் கேள்விப்பட்ட செய்தி என்று மட்டுமே எழுதலாம். பாட்டா துப்பாக்கியோடு நிற்கும் பழைய படம் இருந்தால் பெரிதாக்கிக் குதிரையின் வளைவையும் விசைக்காப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் இருப்பது ஸ்டூடியோக்காரரின் அலங்காரத் துப்பாக்கியாகவும் இருக்கலாம்.

கிடைத்தவற்றை எழுதும்போது ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எதிரே அதன் சான்றைக் குறியுங்கள்: உரிமப் பதிவா, பத்திரமா, ரசீதா, வாய்மொழியா என்று. சான்று இல்லாத ஆண்டுகளை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விடுங்கள். முத்திரைகளின் படங்களை ஒளி வந்த திசையோடு சேர்த்துப் பாதுகாத்து, அசல் காகிதங்களைத் துப்பாக்கி இருக்கும் பெட்டியில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். எண்ணெய்க் கசிவு சில ஆண்டுகளில் மையைக் கரைத்துவிடும். துப்பாக்கியை விற்கவோ ஒப்படைக்கவோ நேர்ந்தால், வாங்குபவரின் உரிமத்தைச் சரிபார்த்து, மாற்றத்தை உரிமம் வழங்கும் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்த பிறகு, இந்தக் குறிப்பின் ஒரு நகலை அவரிடமும் கொடுங்கள். நூறு ஆண்டுகளைக் கடந்த துப்பாக்கியை வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள், ஆயுதச் சட்டத்தோடு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே நிற்கும் என்பதால், இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.